ஸ்ரீரங்கத்து டாக்டரின் சட்டமும் ஓரகடத்து ஹாஸ்டல்களும்

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றின் நன்மைகளில் ஒன்றாக மத்திய அரசு பெருமையோடு சொன்னது இது: 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை. சென்னையை அடுத்த தொழிற்பேட்டைகளான ஸ்ரீபெரும்புதூரிலோ ஓரகடத்திலோ ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்களிலிருந்து இறங்கும் கூட்டத்தைப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் முப்பதைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்கள்.

அவர்களுக்கு 40 வயதாகும்போது அந்த வேலையில் இருக்கப்போகிறவர்கள் மிகக் குறைவு. டிரெய்னியாக, அப்ரண்டிஸாக, கான்ட்ராக்ட் ஆளாகச் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிவிடுவார்கள். இங்கே வாங்கிய இடுப்புவலியும் கூடவே போகும். அதற்கான செலவை விழுப்புரத்திலோ கள்ளக்குறிச்சியிலோ ஒடிசாவிலோ இருக்கும் ஒரு குடும்பம் பார்த்துக்கொள்ளும்.

உழைப்பவரின் வயது தெரிந்த ஒருவர் இந்த விதியை எழுதியிருந்தால் 40 என்று போட்டிருப்பாரா? போட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். நோயாளியைத் தொட்டுப் பார்த்த கை சட்டம் எழுதும் இடத்தில் இருப்பதும் இல்லாததும் என்ன வேறுபாட்டை உண்டாக்கும் என்று யோசிக்க இது ஒரு சந்தர்ப்பம். தமிழகத்தில் அதற்கு நல்ல முன்னுதாரணமாக ஒரு டாக்டர் உண்டு. அவரை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம்.

மாத்திரைச் சீட்டில் இல்லாத கேள்வி

முதலில் நோயைப் பார்ப்போம். சுங்குவார்சத்திரம் கடைத்தெருவிலும் ஓரகடம் கூட்டுரோட்டிலும் உள்ள சின்னச் சின்ன கிளினிக்குகளில் இரவில்தான் கூட்டம். வருகிறவர்கள் சொல்லும் தொந்தரவுகள் பெரும்பாலும் ஒரே மாதிரி. இடுப்புவலி, மணிக்கட்டு வலி, கால் வீக்கம், வயிற்றெரிச்சல், தூக்கம் வரவில்லை, சிறுநீர் போனால் எரிகிறது.

ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வேலைமுறை இருக்கிறது. எட்டு மணிநேரம் லைனில் நின்று ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் மணிக்கட்டு கெடும். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறினால் தூக்கமும் செரிமானமும் கெடும். கழிவறைக்குப் போக வேண்டுமானால் மாற்று ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அதைவிட நேரான பாதை கிடையாது.

"ஊசி போட்டு விட்டுடுங்க சார், நாளைக்கு லீவு போட முடியாது" என்பதுதான் இங்கே அதிகம் கேட்கும் வேண்டுகோள். லீவு போட்டால் அன்றைய சம்பளத்தோடு அட்டெண்டன்ஸ் போனஸும் போய்விடும். டாக்டரும் வலி ஊசி போட்டு அனுப்புகிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாசலில் இன்னும் முப்பது பேர் நிற்கிறார்கள்.

இத்தாலிய மருத்துவர் ரமட்சினி 1700-ல் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். வைத்தியர் நோயாளியிடம் வழக்கமாகக் கேட்பவற்றோடு "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்பதையும் கேட்க வேண்டும் என்பது அதில் அவர் சொன்ன யோசனை. மூன்று நூற்றாண்டுகள் போன பிறகும் நம் மருந்துச் சீட்டில் பெயர், வயது, தேதிக்குத்தான் இடம் இருக்கிறது. வேலை என்ன என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை.

கேட்டு எழுதினாலும் அது எங்கே போய்ச் சேரும்? தொழில் சார்ந்த நோயைக் கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. அப்படித் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் 29 இனங்கள் உண்டு. புதிய தொகுப்பிலும் அதே எண்ணிக்கை தொடர்கிறது. ஈய நச்சு, சிலிக்கா தூசி, இரைச்சலால் காது மந்தமாதல் எல்லாம் இருக்கின்றன. அசெம்ப்ளி லைன் தரும் மணிக்கட்டு நோய் அதில் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய பட்டியலில் அது இருக்கிறது. நம் பட்டியல் உருக்காலைக் காலத்தில் நின்றுவிட்டது. செல்போன் பூட்டும் விரல்கள் அதன் கண்ணில் படவில்லை.

ஆக, ஒரு டாக்டர் தன் அறைக்குள் உட்கார்ந்து தீர்க்கக்கூடிய நோய்கள் அல்ல இவை. பட்டியலை மாற்ற வேண்டும், ஷிப்ட் விதியை மாற்ற வேண்டும், தண்ணீரையும் கக்கூஸையும் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். எல்லாமே கோட்டையில் நடக்க வேண்டிய வேலை.

சமையற்கட்டில் காந்தியைச் சந்தித்தவர்

தமிழகத்தில் அரசியலுக்கு வந்த டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. நீதிக்கட்சியைத் தொடங்கிய மூவரில் சி.நடேசன், டி.எம்.நாயர் என்ற இருவர் டாக்டர்கள். முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவையின் துணைத் தலைவராக இருந்தவர். எம்.ஜி.ஆர். அமைச்சரவையில் எச்.வி.ஹண்டே இருந்தார். ஓரகடத்துக்கு இன்று வேண்டியவர் யார் என்று கேட்டால் இவர்களில் யாரையும் சொல்லமாட்டேன். திருச்சி டாக்டர் டி.எஸ்.எஸ்.ராஜனைச் சொல்வேன்.

1880-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர் ராஜன். வசதியான குடும்பம் அல்ல. ராயபுரம் மருத்துவப் பள்ளியில் படித்துவிட்டுப் பர்மாவுக்குப் போனார். அங்கே சம்பாதித்துக்கொண்டு மேல்படிப்புக்காக லண்டன் போனார். படிக்கப் போன இடத்தில் இந்தியா ஹவுஸ் என்ற விடுதியில் வ.வே.சு.ஐயரோடும் சாவர்க்கரோடும் சேர்ந்துகொண்டார். டாக்டர் ஆகப் போனவருக்கு அரசியலும் ஒட்டிக்கொண்டது.

1909 அக்டோபரில் லண்டனில் இந்திய மாணவர்கள் ஒரு விஜயதசமி விருந்து வைத்தார்கள். தலைமை தாங்க காந்தியை அழைத்திருந்தார்கள். சமையல் பொறுப்பு ராஜன் முதலானோருடையது. மத்தியானம் மெலிந்த மனிதர் ஒருவர் சமையற்கட்டுக்கு வந்து, கேட்காமலேயே பாத்திரம் கழுவவும் காய்கறி நறுக்கவும் ஆரம்பித்தார். யாரோ உதவிக்கு வந்தவர் என்று இவர்களும் வேலை வாங்கினார்கள். சாயங்காலம் ஐயர் வந்து பார்த்துப் பதறிய பிறகுதான் அவர்தான் அன்றைய தலைவர் என்று தெரிந்தது. ராஜன் பின்னாளில் சொன்ன சம்பவம் இது. எந்த வேலையும் தனக்குக் கீழானதல்ல என்ற பாடம் அங்கே அவருக்குக் கிடைத்ததா என்று நமக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அமைச்சரான பிறகு அவர் எடுத்துக்கொண்ட வேலை சாக்கடையும் கக்கூஸும்தான்.

ஊர் திரும்பி ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் வைத்தியம் பார்த்தார். திருச்சியில் சொந்த மருத்துவமனை நடத்தினார். காங்கிரஸில் சேர்ந்தார், சிறை சென்றார். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்பு யாத்திரை கிளம்பியது இவர் வீட்டு வாசலிலிருந்துதான். 1937-ல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானபோது பொது சுகாதாரத் துறையும் அறநிலையத் துறையும் ராஜனிடம் வந்தன. 'நினைவு அலைகள்' என்ற தன்வரலாறு எழுதியிருக்கிறார். இன்றைய டாக்டர் வேட்பாளர்கள் தேடிப் படிக்கலாம்.

1939-ம் ஆண்டுச் சட்டம்

ராஜன் அமைச்சராக இருந்தபோதுதான் சென்னை பொது சுகாதாரச் சட்டம், 1939 நிறைவேறியது. இந்திய மாகாணங்களில் இப்படி முழுமையான ஒரு பொது சுகாதாரச் சட்டம் இதுவே முதல். வாசகங்களை வடித்தவர்கள் அதிகாரிகளும் பொது சுகாதாரத் துறை மருத்துவர்களும்தான். கொண்டுவந்து நிறைவேற்றிய அமைச்சர் என்பதே ராஜனின் பங்கு. அதுவே பெரிய பங்கு. அப்போது ஓட்டு வாங்கித் தரக்கூடிய விஷயங்கள் வேறு நிறைய இருந்தன. மதுவிலக்கு இருந்தது, இந்தி இருந்தது, ஆலயப் பிரவேசம் இருந்தது. கழிவுநீர் வாய்க்காலுக்காக யாரும் மாலை போடப் போவதில்லை.

சட்டத்தைப் புரட்டினால் அதில் மருந்து அதிகம் இல்லை. குடிநீர், வடிகால், கழிப்பிடம், கொசு, கட்டட சுகாதாரம், உணவு, தொற்றுநோய்த் தகவல், தாய்சேய் நலம், திருவிழாக்கள், தங்கும் விடுதிகள் என்றுதான் அதன் பகுதிகள் போகின்றன. ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்பே நோயை வழிமறிக்கும் சட்டம் அது.

திருவிழாவுக்கும் விடுதிக்கும் அதில் தனி இடம் இருப்பதைக் கவனியுங்கள். வைகுண்ட ஏகாதசிக்கு ஊர் கொள்ளாமல் கூட்டம் வரும் ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த டாக்டருக்கு, ஆயிரம் பேர் ஒரு சத்திரத்தில் தங்கி ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் திருவிழா முடிந்த கையோடு காலரா வந்தது. எனவே சத்திரம் நடத்துகிறவர் பதிவு செய்ய வேண்டும், சுகாதார அதிகாரி உள்ளே போய்ப் பார்க்கலாம் என்ற ஏற்பாடு வந்தது.

இதைவிட முக்கியமான ஒரு பிரிவும் அதில் உண்டு. நகராட்சிகள் அரசு மானியம் நீங்கலான தங்கள் வருவாயில் குறைந்தது 30 சதவீதத்தைப் பொது சுகாதாரத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். மாவட்ட போர்டுகளுக்கு அது பன்னிரண்டரை சதவீதம். ஓர் அதிகாரி, ஒரு பதிவேடு, ஒரு நிதி ஒதுக்கீடு. கிளினிக்கில் தெரிந்துகொண்டதை அரசாங்கத்தின் எலும்பாக மாற்றுவது என்றால் இதுதான்.

அதே ஆண்டு அக்டோபரில், உலகப் போரில் இந்தியாவைக் கேட்காமல் சேர்த்ததை எதிர்த்து அமைச்சரவை ராஜினாமா செய்தது. ராஜன் போனார். சட்டம் நின்றது. மலபார் சென்னை மாகாணத்தில் இருந்ததால் கேரளத்தின் வடபகுதியில்கூட இந்தச் சட்டமே நெடுங்காலம் நடந்தது. 2023-ல் கேரளம் புதிய பொது சுகாதாரச் சட்டம் இயற்றி இதை மாற்றிக்கொண்டது. நாம் திருத்தங்களோடு பழையதையே வைத்திருக்கிறோம்.

ஜெர்மனியிலும் ராஜனைப் போல அரசியலுக்கு வந்த டாக்டர் ஒருவர் இருந்தார். பெயர் ருடால்ஃப் விர்ஹோ. 1848-ல் சிலேசியா பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது விசாரிக்க அனுப்பப்பட்டார். மருந்து கேட்டு அறிக்கை வரும் என்று அரசு எதிர்பார்த்தது. அவரோ பள்ளிக்கூடமும் சாலையும் சுயாட்சியும் வேண்டும் என்று எழுதினார். பிறகு பெர்லின் நகரமன்றத்தில் பல ஆண்டுகள் உட்கார்ந்து, நகரத்துக்குக் கழிவுநீர்க் குழாய் வரப் பாடுபட்டார்.

ஹாஸ்டலில் நடந்தது

2021 டிசம்பருக்கு வருவோம். ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் தங்க வைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கி மறுநாள் வரை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கில் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது. ஹாஸ்டல் நிலைமை மோசம் என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மீண்டும் வேலை தொடங்கியது 2022 ஜனவரி 12 அன்று.

அமெரிக்காவில் இருக்கும் ஒரு கம்பெனி ஹாஸ்டல் சரியில்லை என்று சொன்ன பிறகுதான் நமக்கு அது செய்தியானது. உள்ளூர்ச் சுகாதார ஆய்வாளர் அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு அந்த அதிகாரத்தைத் தந்து அப்போது 82 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரு தற்செயல்: அந்த டிசம்பர் 18 அன்றுதான் மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தை முதல்வர் தொடங்கிவைத்தார். சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சை இலவசம் என்ற நல்ல திட்டம். அடிபட்ட பிறகு காப்பாற்றுவதில் தமிழகம் கெட்டிக்கார மாநிலம். நோய் வருவதற்கு முன்னால் போய் நிற்பதில்தான் கொஞ்ச காலமாகச் சுணக்கம்.

ஹாஸ்டல் விஷயத்தில் அரசு சும்மா இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வல்லம்–வடகால் சிப்காட்டில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல கட்டடம். ஆனால் அதற்கு வெளியே மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம், படப்பை என்று ஊர் ஊராக வாடகை வீடுகளே ஹாஸ்டலாகிவிட்டன. இரண்டு படுக்கையறை வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எந்த லாரியில் வருகிறது, மெஸ்ஸில் சமைப்பது யார், செப்டிக் டேங்க் எப்போது நிரம்பியது என்பதெல்லாம் ஓனருக்கும் கான்ட்ராக்டருக்கும் மட்டும் தெரிந்த ரகசியங்கள்.

பெண்கள் விடுதிகளைப் பதிவு செய்ய 2014-ல் தனிச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்ய வேண்டும். அது பாதுகாப்பை மனதில் வைத்தது; காவலாளி, வார்டன், கேமரா. தண்ணீரும் கழிவும் அதன் முதல் கவலை அல்ல. வடமாநில ஆண்கள் தங்கும் தகரக் கொட்டகைகளுக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

பின்னால் வந்த டாக்டர்கள்

இந்த வடமாவட்டங்களில் டாக்டர் என்ற சொல்லே ஒரு அரசியல் தலைவருக்குப் பெயராகிவிட்டது. திண்டிவனத்தில் குறைந்த கட்டணத்துக்கு வைத்தியம் பார்த்தவர் ச.ராமதாஸ். 1980-ல் வன்னியர் சங்கம் தொடங்கினார். 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலிகள். 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீத ஒதுக்கீடு கிடைத்தது. அதே ஆண்டு அவருடைய பாட்டாளி மக்கள் கட்சி (பா.ம.க.) பிறந்தது. அந்த ஒதுக்கீட்டால் முதல் தலைமுறையாகப் படித்து வேலைக்குப் போனவர்கள் ஏராளம். அதை யாரும் மறுக்க முடியாது. சாதியை முன்னிறுத்திய அரசியல் தலித் மக்களோடு உண்டாக்கிய பகையையும் மறைக்க முடியாது.

அந்தக் கட்சிக்கு மத்தியில் சுகாதாரத் துறை மூன்று முறை கிடைத்தது: 1998-ல் தலித் எழில்மலை, 1999-ல் என்.டி.சண்முகம், 2004 முதல் 2009 வரை டாக்டர் அன்புமணி. அன்புமணி காலத்தில் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைபிடிக்கத் தடை வந்தது. இரண்டும் டாக்டர் புத்தியில் உதித்த காரியங்கள், பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அதே ஆண்டுகளில்தான் ஸ்ரீபெரும்புதூரின் முகம் மாறியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கியது. 2006-ல் நோக்கியா வந்தது, 2010-ல் ஓரகடத்தில் ரெனோ–நிஸான். வயலிலிருந்து லைனுக்கு மாறியவர்களில் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் கணிசம். அந்தப் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பற்றிய கேள்வி, டாக்டர்கள் நடத்திய கட்சியிலிருந்து ஒரு பெரிய கோரிக்கையாக எழவில்லை. வேறு கட்சி டாக்டர்களிடமிருந்தும் எழவில்லை. 'உள்ளூர் ஆளுக்கு வேலை கொடு' என்ற கோஷம்தான் எல்லா மேடையிலும் கேட்டது. வேலை கொடுத்த பிறகு உடம்பு என்ன ஆகும் என்பது மேடைக்கு வராத பேச்சு.

வேட்பாளர் டாக்டர் என்றால் கைராசிக்காரர், கைசுத்தமானவர், நாலு பேருக்கு இலவசமாக ஊசி போட்டவர் என்ற நல்ல பெயர் கிடைக்கிறது. கட்சிகள் அந்தப் பெயரை வாங்கிக்கொள்கின்றன, அவருக்குத் தெரிந்த விஷயத்தை விட்டுவிடுகின்றன. என் பார்வையில் தமிழகத்து டாக்டர் அரசியலின் பெரிய குறை இதுதான்.

பணம் இருக்கிறது, ஓட்டு இல்லை

பணம் இல்லாததால் இது நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் கணக்கைப் பாருங்கள். மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்குபவருக்காகத் தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம், ஆக மாதம் 600 ரூபாய் கட்டப்படுகிறது. அப்படிப்பட்ட ஒரு லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால் மாதம் 6 கோடி ரூபாய். ஸ்ரீபெரும்புதூருக்கென 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு ஒப்புதல் கிடைத்தது நல்ல செய்தி. சென்னை கே.கே.நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 40 கிலோமீட்டர் பஸ் ஏறிப் போகும் பாட்டுக்கு ஒரு முடிவு வேண்டும்.

இந்தக் கணக்கில் ஓட்டைகளும் உண்டு. 21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் போனால் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். 2017 முதல் இந்த வரம்பு அப்படியே இருக்கிறது. நோய்க்கால உதவித்தொகையாகச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும், ஆனால் ஆறு மாதக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அடிக்கடி கான்ட்ராக்டர் மாறுகிற தொழிலாளிக்கு அந்த 78 நாளைக் காட்டுவதே ஒரு போராட்டம். உதவித்தொகை இருக்கிறது என்பதே தெரியாமல் வலி ஊசியோடு ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதிகம்.

பிறகு ஏன் யாரும் கேட்பதில்லை? ஹாஸ்டலில் தங்குபவரின் ஓட்டு திருவண்ணாமலையிலோ அரியலூரிலோ பிகாரிலோ இருக்கிறது. ஓரகடம் ஊராட்சி மன்றத் தலைவருக்கு அவர் வாக்காளர் அல்ல, தண்ணீர் செலவு மட்டுமே. அவருடைய சொந்த ஊர் எம்.எல்.ஏ.வுக்கு ஓரகடம் எங்கே இருக்கிறது என்ற கவலை இல்லை. ராஜன் காலத்து யாத்ரீகருக்கும் ஸ்ரீரங்கத்தில் ஓட்டு கிடையாது. ஆனால் அவர் கொண்டுவந்த காலரா ஊர்க்காரரையும் கொன்றது. அந்தப் பயம் சட்டத்தைக் கொண்டுவந்தது. மணிக்கட்டு வலி பக்கத்து வீட்டுக்குப் பரவாது. அதனால்தான் அது எழுபது ஆண்டுகளாகப் பட்டியலில் ஏறாமல் இருக்கிறது.

இனி செய்ய வேண்டியவை

முதலில், வயது. நான்கு புதிய தொகுப்புகளில் ஒன்றான தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் இலவசப் பரிசோதனை யாருக்கு என்பதை அந்தந்த அரசே விதிகளில் சொல்லிக்கொள்ளலாம். தனியார் ஆலைகளுக்கு அந்த அரசு, மாநில அரசு. 2020-ல் மத்திய வரைவு விதி 45 வயது என்றது, பிறகு 40 ஆனது. எனவே அது கல்லில் வெட்டிய எண் இல்லை. தமிழ்நாடு தன் விதியில், வேலையில் சேர்ந்து ஓராண்டு முடித்த எல்லாருக்கும், கான்ட்ராக்ட் தொழிலாளி, அப்ரண்டிஸ் உட்பட, என்று எழுதலாம். டெல்லியில் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது ஹாஸ்டல். பொது சுகாதாரச் சட்டத்தின் விடுதிப் பகுதி எழுதப்பட்டபோது மனதில் இருந்தவர்கள் வந்து போகும் பயணிகள். மாதக்கணக்கில் தங்கும் தொழிலாளி அதில் வரமாட்டார் என்று எந்த ஓனரும் வாதாட இடம் இருக்கிறது. ஒரு சிறு திருத்தத்தில் தொழிலாளர் விடுதி என்று பெயர் சொல்லிச் சேர்த்துவிட்டால் வாதம் முடிந்தது. பதிவு எண்ணை வாசலில் எழுதி வைக்க வேண்டும். தண்ணீர்ப் பரிசோதனை முடிவை மெஸ்ஸில் ஒட்ட வேண்டும். தமிழிலும் இந்தியிலும் ஒட்டினால் எல்லாரும் படிப்பார்கள். பதிவில்லாத ஹாஸ்டலில் ஆள் தங்கவைக்கும் கான்ட்ராக்டரை எந்தக் கம்பெனியும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சிப்காட் தன் நிபந்தனைகளில் சேர்க்கலாம்.

இந்தப் பதிவேட்டை யார் பார்ப்பது? இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வரை தொழிற்பேட்டைகள் பல ஊராட்சிகளில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வோர் ஊராட்சிக்கும் தனி ஆள் போட முடியாது. தொழிற்பேட்டைப் பகுதி முழுவதற்கும் ஒரு சுகாதார அதிகாரி, அவருக்கு ஆய்வாளர்கள், ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம். நகராட்சிக்கு விதித்த அந்த 30 சதவீதம் போல, சிப்காட் பராமரிப்புக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு இதற்கென்று ஒதுங்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. மருந்தகங்கள் ஷிப்ட் நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்க வேண்டும். பகல் ஷிப்டில் இருப்பவர் பகலில் எப்படி வருவார்? இரவு பத்து மணி வரை ஒரு டாக்டர் உட்கார்ந்தால் தெருமுனை வலி ஊசிக்குப் பாதி வேலை இருக்காது. அங்கே கொடுக்கும் சீட்டில் 'என்ன வேலை, எத்தனை மாதமாக, எந்த ஷிப்ட்' என்று மூன்று கட்டங்கள் சேர்க்க அச்சுக்கூலிகூட அதிகம் ஆகாது. ஆறு மாதச் சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தாலே எந்த லைன் எந்த எலும்பைத் தேய்க்கிறது என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தெரிந்துவிடும். தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் மணிக்கட்டும் முதுகும் ஏற வேண்டும் என்று தமிழ்நாடு கேட்பதற்கு அந்தக் கணக்கே ஆதாரம்.

கம்பெனிகளுக்கும் இதில் லாபம் உண்டு. 2021-ல் ஒரு ஹாஸ்டல் சாப்பாடு, உலகமே பார்க்கும் ஓர் ஆலையை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்திவிட்டது. சமையல்காரருக்குச் சோப்பும் நல்ல தண்ணீரும் அதைவிட மலிவு.

கடைசியாக ஸ்ரீபெரும்புதூர் வாக்காளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இங்கே ஓட்டு இல்லை, உங்களுக்கு இருக்கிறது. அவர்கள் குடிக்கும் லாரித் தண்ணீர்தான் உங்கள் கடையிலும் வருகிறது. அவர்கள் செப்டிக் டேங்க் நிரம்பினால் உங்கள் தெருவில்தான் ஓடுகிறது. ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், அவர் டாக்டராகவே இருந்தாலும், கைராசியை விட்டுவிட்டு இரண்டைக் கேளுங்கள்: தொழிலாளர் விடுதிகளைப் பொது சுகாதாரச் சட்டத்தில் சேர்ப்பீர்களா? மருத்துவப் பரிசோதனைக்கான அந்த 40 வயதை எடுப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.